பச்சைக் காயும் அடுப்பும்: புதிதாகத் தொடங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

"இனிமேல் எங்கள் வீட்டில் அடுப்பே பற்றவைக்கப் போவதில்லை. எல்லாம் பச்சைதான்." புத்தாண்டு பிறந்தால் தெரிந்தவர்களில் ஒருவராவது இப்படிச் சொல்லக் கேட்கிறேன். சொல்பவரின் முகத்தில் ஒரு தெளிவு இருக்கும். சர்க்கரை கூடிவிட்டது, எடை ஏறிவிட்டது, ஏதாவது செய்தாக வேண்டும் என்ற உந்துதல் அது. அந்த உந்துதலை நான் மதிக்கிறேன். ஆனால் அடுப்பை அணைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளத்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

நானும் அந்தப் பாதையில் போனவள். ஐந்து மாதம் தேங்காய், வாழைப்பழம், முளைகட்டிய பயறு, காய் கனிகள் மட்டும். முதல் மாதம் உடம்பு காற்றைப்போல லேசாக இருந்தது. எடை குறைந்தது, தோல் பளபளத்தது, பார்ப்பவரிடமெல்லாம் இதைப் பற்றியே பேசினேன். மூன்றாம் மாதம் கையும் காலும் எப்போதும் சில்லென்று இருந்தன. நான்காம் மாதம் மாதவிடாய் வரவில்லை. ஐந்தாம் மாதம் ஊருக்குப் போனபோது அம்மா எதுவும் கேட்கவில்லை. ரசம் சாதத்தைக் குழைத்து, மேலே ஒரு கரண்டி நெய் விட்டுக் கையில் கொடுத்தார். சாப்பிட்டு முடித்ததும் அழுகை வந்துவிட்டது.

எனக்கு மட்டும் நடந்த விஷயம் இல்லை இது. ஜெர்மனியின் கீசன் நகரப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், நீண்ட காலமாகப் பச்சை உணவில் இருந்த ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்களிடம் விவரம் கேட்டு 1999இல் முடிவுகளை வெளியிட்டார்கள். அதில் இருந்த பெண்களில் நான்கில் ஒருவர் இருக்க வேண்டியதைவிட எடை குறைவு. 45 வயதுக்கு உட்பட்ட பெண்களில் சுமார் 30 சதவீதம் பேருக்கு மாதவிடாய் விட்டுவிட்டு வந்தது, அல்லது நின்றே போயிருந்தது. உணவில் பச்சையின் பங்கு கூடக் கூட இந்தப் பாதிப்பும் கூடியது. காரணம் எளியது. பச்சைக் காயிலும் பழத்திலும் நீரும் நாரும் அதிகம். ஒரு நாளைக்குத் தேவையான சக்தி கிடைப்பதற்குள் வயிறு நிறைந்துவிடுகிறது.

இன்றைக்கும் நான் தினமும் பச்சையாக நிறையச் சாப்பிடுகிறேன். ஆனால் எதைப் பச்சையாக, எதை அவித்து என்பதை அந்தந்தக் காயைப் பார்த்து முடிவு செய்கிறேன். புதிதாகத் தொடங்குபவர்கள் இந்தப் பழக்கத்துக்கு வருவதற்கான வழியைக் கீழே சொல்கிறேன்.

முதல் படி: ஒரு வாரம் எதையும் மாற்றாதீர்கள்

ஒரு நோட்டை எடுத்து, ஒரு வாரத்துக்குச் சாப்பிடுவதையெல்லாம் அப்படியே குறித்து வையுங்கள். பச்சையாகச் சாப்பிட்டவற்றின் பக்கத்தில் ஒரு புள்ளி. நாம் நினைப்பதைவிட அதிகப் புள்ளிகள் வரும். இட்லிக்குத் தொட்டுக்கொண்ட தேங்காய்ச் சட்னி, பிரியாணிக்கு வெங்காயத் தயிர்ப் பச்சடி, பழையசோற்றுக்குக் கடித்த சின்ன வெங்காயம், ரசத்தில் கடைசியாகத் தூவிய கொத்தமல்லி, உப்பும் மிளகாய்த்தூளும் போட்ட மாங்காய்ப் பத்தை. நம் சமையல் ஏற்கெனவே இரண்டும் கலந்ததுதான். புதிதாக ஒரு மதத்துக்கு மாறுவதைப்போல எதையும் உதற வேண்டியதில்லை.

அதே வாரத்தில் இன்னொன்றையும் கவனியுங்கள். மொத்தம் எவ்வளவு காய் சாப்பிடுகிறோம்? ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டுதல், ஒரு நாளைக்கு 400 கிராம் காய்கறியும் கீரையும், 100 கிராம் பழமும் சொல்கிறது. சமைக்கும் முன் நிறுத்துப் பாருங்கள். நாலு பேருக்கு அரைக்கிலோ கத்திரிக்காய் வாங்கிக் குழம்பும் பொரியலும் வைத்து ஒரு நாளை ஓட்டுகிற வீடுகள் எத்தனையோ. ஆளுக்கு 125 கிராம்கூடத் தேறாது. பச்சையா, சமைத்ததா என்ற சண்டைக்கு முன்னால் தட்டில் காயின் அளவு கூட வேண்டும். எனக்கு இது புரிய ரொம்ப நாளானது.

இரண்டாம் படி: காய்களைப் பிரித்துப் பழகுங்கள்

இதுதான் இருப்பதிலேயே முக்கியமான படி. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

பச்சையாகச் சாப்பிட்டால் கூடுதலாகப் பலன் தருபவை முதலில். வைட்டமின் சி வெப்பத்தில் சிதையும், தண்ணீரிலும் கரைந்து போகும். ஆகவே கொய்யா, நெல்லிக்காய், எலுமிச்சை, குடைமிளகாய், கொத்தமல்லி, புதினா போன்றவை அடுப்புக்குப் போகாமல் இருப்பது நல்லது. வெள்ளரி, முள்ளங்கி, வெங்காயம் ஆகியவையும் பச்சையாக ருசிப்பவை. பூண்டுக்கு ஒரு சின்ன விதி இருக்கிறது. நசுக்கிய பிறகுதான் அதன் காரச் சத்தான அல்லிசின் உருவாகிறது. நசுக்கிப் பத்து நிமிடம் வைத்துவிட்டுப் பிறகு வாணலியில் போடுங்கள்.

அடுத்து, அடுப்பில் ஏறினால் சத்தை அதிகம் தருபவை. கேரட்டின் பீட்டா கரோட்டின் கடினமான செல் சுவருக்குள் அடைபட்டிருக்கிறது. வெந்து மென்மையானால், கூடவே கொஞ்சம் எண்ணெயோ தேங்காயோ இருந்தால், உடம்பு அதை எடுத்துக்கொள்ளும் அளவு நன்றாகக் கூடுகிறது. தக்காளியின் சிவப்புக்குக் காரணமான லைக்கோபீனும் அப்படித்தான். எண்ணெயில் வதக்கிய தக்காளித் தொக்கில் கிடைப்பது பச்சைத் துண்டில் கிடைப்பதைவிட அதிகம். பரங்கிக்காய், முருங்கைக்கீரை ஆகியவையும் இதே கூட்டம். முருங்கைக்கீரைப் பொரியலில் தேங்காய்த் துருவல் போடும் வழக்கம் எவ்வளவு அறிவானது என்று பாருங்கள். ருசிக்காகப் போட்டது சத்துக்கும் வழி திறந்துவிடுகிறது. தக்காளியையும் கேரட்டையும் பச்சையாகவே சாப்பிடக் கூடாது என்று சொல்ல வரவில்லை. தக்காளியின் வைட்டமின் சி பச்சையில்தான் அதிகம். இரண்டு விதமாகவும் மாற்றி மாற்றிச் சாப்பிடுங்கள்.

மூன்றாவது கூட்டம், கட்டாயம் சமைக்க வேண்டியவை. இதில் விட்டுக்கொடுப்பே கிடையாது.

ராஜ்மாவில் லெக்டின் வகை நச்சுப் புரதம் ஒன்று இருக்கிறது. நாலைந்து பச்சைக் கொட்டைகளே கடுமையான வாந்தியும் வயிற்றுப்போக்கும் கொண்டுவரப் போதும். குறைந்தது ஐந்து மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் கொதிக்கக் கொதிக்க வேகவைக்க வேண்டும். நம் பிரஷர் குக்கர் இதற்கு நல்ல கருவி. குறைந்த சூட்டில் மணிக்கணக்காக வேகும் மின்சாரப் பானை ஆபத்து. அரைகுறைச் சூட்டில் நச்சு அழிவதில்லை, கூடவும் செய்கிறது. வெளிநாட்டில் தனியாகச் சமைக்கும் பிள்ளைகளுக்கு இதைக் கட்டாயம் சொல்லிவையுங்கள்.

மரவள்ளிக்கிழங்கில் சயனைடை வெளிவிடும் சேர்மங்கள் உண்டு. தோலைத் தடிமனாகச் சீவி, துண்டாக்கி, தண்ணீரில் போட்டுவைத்து, மூடி போடாமல் அவித்து நீரை வடித்துவிடுவது இதனால்தான். கசக்கும் கிழங்கைத் தொடவே வேண்டாம். சேனையும் சேப்பங்கிழங்கும் நாக்கை அரிப்பதற்குக் காரணம், ஊசிபோல இருக்கும் கால்சியம் ஆக்சலேட் படிகங்கள். நன்றாக வேகவைத்து, புளி சேர்த்துச் சமைத்தால் அரிப்பு அடங்கும். மொச்சை, அவரை, பீன்ஸ், உருளைக்கிழங்கு, காளான் எல்லாம் இந்த வரிசையில்தான் வரும்.

உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போகும் தம்பிகள் பச்சை முட்டையை உடைத்துக் குடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். பச்சை முட்டையின் புரதத்தில் பாதியளவுதான் உடம்பில் சேர்கிறது, வேகவைத்தால் 90 சதவீதம் சேர்கிறது என்று 1998இல் பெல்ஜியத்தில் நடந்த ஆய்வு காட்டியது. பச்சை வெள்ளைக்கரு பயோட்டின் என்ற வைட்டமினைப் பிடித்துவைத்து உடம்பில் சேரவிடாமல் செய்யும். சால்மோனெல்லா கிருமியும் இருக்கலாம். அவித்த முட்டை போதும் தம்பி. பாலையும் காய்ச்சாமல் குடிக்க வேண்டாம், அது நம் வீட்டு மாட்டின் பாலாக இருந்தாலும் சரி.

மூன்றாம் படி: கழுவுவதை ஒரு வேலையாக மதியுங்கள்

சமைக்கும்போது கழுவுவதில் கொஞ்சம் அசந்தாலும் நெருப்பு காப்பாற்றிவிடும். பச்சையாகச் சாப்பிடும்போது அந்தக் காவல் இல்லை. அவ்வளவுதான் வித்தியாசம், ஆனால் பெரிய வித்தியாசம்.

நம் நாட்டில் வலிப்பு நோய்க்கு ஒரு முக்கியக் காரணம் மூளையில் தங்கும் பன்றி நாடாப்புழுவின் கட்டிகள். பன்றி இறைச்சியே தொடாதவர்களுக்கும் இது வரும். புழுவைக் குடலில் சுமக்கும் மனிதர்களின் மலத்தில் முட்டைகள் வெளியேறி, கழிவுநீர் வழியாக வயலுக்கு வந்து, இலைக்காய்களில் ஒட்டிக்கொள்கின்றன. முட்டைக்கோஸுக்குள்ளேயே புழு பிறக்கிறது என்று பயமுறுத்துவது தவறு. அழுக்கு நீர்தான் குற்றவாளி. கோஸையும் லெட்டூஸையும் பச்சையாகச் சாப்பிட விரும்பினால் வெளி இலைகள் இரண்டு மூன்றை எடுத்துப் போட்டுவிட்டு, ஒவ்வோர் இலையாகப் பிரித்து, ஓடும் குழாய்த் தண்ணீரில் விரலால் தேய்த்துக் கழுவுங்கள். கோஸை முழுதாக ஒரு முக்கு முக்கி எடுப்பது கழுவுவது ஆகாது. எங்கே விளைந்தது என்று தெரியாத, மழைக்காலத்தில் சேறு படிந்து வரும் கோஸை நான் பச்சையாகச் சாப்பிடுவதே இல்லை. பொரியல்தான்.

உப்பும் மஞ்சளும் கரைத்த நீரில் ஊறவைப்பது பூச்சிகளை வெளியே கொண்டுவர உதவும். கிருமி அத்தனையையும் அது கொல்லாது. அதற்குப் பிறகும் ஓடும் நீரில் அலச வேண்டும். நறுக்கும் முன் கழுவுங்கள், நறுக்கிய பின் கழுவினால் சத்தும் சேர்ந்து ஓடிவிடும். மீன், கோழி வெட்டும் பலகையும் கத்தியும் பச்சைக் காய்க்கு வரவே கூடாது. இடம் இருந்தால் இரண்டு பலகை வைத்துக்கொள்ளுங்கள்.

நான்காம் படி: மதியச் சாப்பாட்டோடு ஒரு கிண்ணம்

முதல் இரண்டு வாரம் ஒரே ஒரு மாற்றம் போதும். வழக்கமான சோறு, குழம்பு, பொரியல் அப்படியே இருக்கட்டும். கூட ஒரு கிண்ணம் பச்சை. சோற்றை மட்டும் ஒரு கரண்டி குறைத்துக்கொள்ளுங்கள். மதிய வேளையைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இரவில் பச்சைக் காய் நிறையச் சாப்பிட்டால் பழகாத வயிறு உப்பிக்கொண்டு தூக்கத்தைக் கெடுக்கும்.

தொடங்குவதற்குக் கோசம்பரி நல்லது. ஶ்ரீராமநவமிக்குப் பானகம், நீர்மோரோடு செய்வார்களே, அதுதான். கால் கப் பாசிப்பருப்பைக் களைந்து ஒரு மணி நேரம் ஊறவைத்து வடித்துவிடுங்கள். ஒரு வெள்ளரியைப் பொடியாக நறுக்கி, ஒரு கேரட்டைத் துருவிச் சேருங்கள். இரண்டு தேக்கரண்டி தேங்காய்த் துருவல், ஒரு பச்சை மிளகாய், கொத்தமல்லி, உப்பு. கடுகும் பெருங்காயமும் தாளித்துக் கொட்டி, பரிமாறும் நேரத்தில் எலுமிச்சை பிழியுங்கள். உப்பை முன்னாலேயே போட்டால் வெள்ளரி நீர்விட்டுவிடும். பயறு வகைகளில் பாசிப்பருப்பு வயிற்றுக்கு இதமானது என்பதால் இந்தக் கொஞ்ச அளவில் ஊறவைத்தே சாப்பிட முடிகிறது. இதைப் பார்த்துத் துவரையையும் கடலைப்பருப்பையும் பச்சையாக ஊறவைத்துச் சாப்பிடத் தொடங்கிவிடாதீர்கள். வயிறு இன்னும் பயந்தால் ஊறிய பாசிப்பருப்பின் மேல் கொதிநீர் ஊற்றி ஐந்து நிமிடம் மூடிவைத்து வடித்துக்கொள்ளலாம்.

இன்னொன்று, யாழ்ப்பாணத்து வல்லாரைச் சம்பல். என் தோழியின் மாமியார் கற்றுக்கொடுத்தது. வல்லாரை இலையை நன்றாகக் கழுவி, ஈரம் போகத் துணியில் ஒற்றி, கத்தியால் மிக மெல்லிசாக அரிய வேண்டும். "நூல் மாதிரி அரியணும் பிள்ளை" என்பார். சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், நிறையத் தேங்காய்ப்பூ (துருவல்), உப்பு, தேசிக்காய்ப் புளி (எலுமிச்சைச் சாறு). கையால் பிசைந்தால் வல்லாரையின் கசப்பைத் தேங்காய் வாங்கிக்கொள்ளும். கீரையைப் பச்சையாகச் சாப்பிட நம் சமையலுக்குள்ளேயே இவ்வளவு அழகான வழி இருக்கும்போது, விலை கூடிய சாலட் சாறுகளைத் தேட வேண்டியதில்லை. வல்லாரை சேற்று நிலத்தில் வளர்வது என்பதால் கழுவுவதில் இரட்டிப்புக் கவனம் தேவை.

வாழைத்தண்டுத் தயிர்ப் பச்சடி, முள்ளங்கித் தயிர்ப் பச்சடி, மாங்காய் வெங்காயம் என்று மாற்றிக்கொண்டே போகலாம். வாழைத்தண்டை வட்டமாக வெட்டும்போது வரும் நாரை விரலில் சுற்றி எடுத்து, துண்டுகளை மோரில் போட்டுவையுங்கள், கறுக்காது.

மூன்றாம் வாரம் சாயங்கால பிஸ்கட்டின் இடத்தில் ஒரு கொய்யாவோ, ஒரு கைப்பிடி வறுக்காத வேர்க்கடலையோ வரட்டும். வேர்க்கடலையை எட்டு மணி நேரம் ஊறவைத்தால் மெல்ல எளிது. அவித்த கடலை பிடித்தால் அதுவும் சரி.

வயிறு உப்பினால் பயப்பட வேண்டாம். நார்ச்சத்து திடீரென்று கூடும்போது குடலில் வாழும் நுண்ணுயிர்களுக்குப் பழக நாள் வேண்டும். அளவைப் பாதியாக்கி, நன்றாக மென்று, தண்ணீர் கூடுதலாகக் குடித்துப் பாருங்கள். இரண்டு வாரம் கழித்தும் வலியோ வயிற்றுப்போக்கோ தொடர்ந்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். "உடம்பு கழிவை வெளியேற்றுகிறது, நல்ல அறிகுறி" என்று யாராவது தேற்றினால் கேட்காதீர்கள். என்னிடமும் அப்படித்தான் சொன்னார்கள்.

முளைகட்டிய பயறு பற்றித் தனியாக

பச்சை உணவு என்றதும் எல்லோர் கையும் முதலில் போவது முளைப்பயறுக்குத்தான். நல்ல உணவுதான். முளைக்கும்போது வைட்டமின் சி உருவாகிறது, இரும்பைப் பிடித்துவைக்கும் பைட்டேட் குறைகிறது. ஆனால் ஈரமும் வெதுவெதுப்பும் முளைக்கு எவ்வளவு பிடிக்குமோ அவ்வளவு கிருமிக்கும் பிடிக்கும். 2011இல் ஜெர்மனியில் ஈ.கோலி என்ற குடல் கிருமியால் நோய் பரவி 3,800க்கும் மேற்பட்டவர்கள் பாதிக்கப்பட்டு, ஐம்பதுக்கும் அதிகமானோர் இறந்தார்கள். தேடிப்போனபோது அது வெந்தய முளையில் வந்து நின்றது. வெந்தய விதையோடு கிருமி வந்திருக்க வேண்டும் என்பது விசாரணையின் முடிவு. முளையின் மேல்தான் கிருமி என்றால் கழுவிவிடலாம், விதையோடு வந்தால் கழுவியும் போகாது.

ஆகவே முளைப்பயறை இட்லித் தட்டில் ஐந்து நிமிடம் ஆவியில் வைத்துவிடுங்கள். மொறுமொறுப்பு கொஞ்சம் இருக்கும், வாசனை மாறும், செரிப்பதும் எளிது. கர்ப்பிணிகள், சின்னக் குழந்தைகள், முதியவர்கள், எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் உள்ள வீட்டில் ஆவியில் வேகவைக்காத முளைப்பயறு வேண்டவே வேண்டாம்.

ஐந்தாம் படி: சமைப்பதையும் சரிசெய்யுங்கள்

பச்சைக்கு மாறுபவர்களில் பலர் உண்மையில் ஓடுவது சமைத்த உணவிலிருந்து அல்ல. அரை மணி நேரம் வெந்து நிறம் செத்த கீரையிலிருந்தும், எண்ணெய் மிதக்கும் குழம்பிலிருந்தும் ஓடுகிறார்கள். அதைச் சரிசெய்தால் அடுப்பின் மேல் கோபம் வராது.

தண்ணீர் குறைவாக, மூடி போட்டு, நேரம் குறைவாக. பீன்ஸ் பச்சை நிறம் மாறாமல், கடித்தால் மெல்லிய எதிர்ப்பு இருக்கும்போதே இறக்கலாம். கீரைக்குச் சோடா உப்பு போட்டால் நிறம் நிற்கும், வைட்டமின் போய்விடும். காய் வெந்த நீரைக் கொட்டாமல் ரசத்துக்கோ சாம்பாருக்கோ சேருங்கள். துண்டுகள் கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும். எலுமிச்சையை அடுப்பை அணைத்த பிறகு பிழியுங்கள். சாதத்துக்கு வைத்த உலையைவிடச் சூடாகும் இடம் எண்ணெய்ச் சட்டி. 120 டிகிரிக்கு மேல் மாவுப்பொருள் பொரியும்போதும் வறுபடும்போதும் அக்ரிலமைடு என்ற வேண்டாத பொருள் உருவாவதை 2002இல் சுவீடன் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். அவிக்கும்போது இது உண்டாவதில்லை. உருளை வறுவலைப் பொன்னிறத்தில் எடுத்துவிடுங்கள், கரும்பழுப்பு வரை விடாதீர்கள். இட்லியும் இடியாப்பமும் புட்டும் கொழுக்கட்டையும் இந்த விஷயத்தில் நம் பெரிய சொத்து.

ஆறாம் படி: சாற்றில் நிதானம்

காலையில் வெறும் வயிற்றில் பச்சைக் காய்ச் சாறு குடிப்பது பரவலாகிவிட்டது. பழமாகக் கடித்துச் சாப்பிட்டால் ஒன்றோ இரண்டோ போதும் என்று வயிறு சொல்லும். சாறாக்கினால் நாலு ஆரஞ்சின் சர்க்கரை இரண்டு நிமிடத்தில் இறங்கிவிடுகிறது, நார் வடிகட்டியில் தங்கிவிடுகிறது. சர்க்கரை நோய் உள்ளவர்கள் முழுப் பழமாகவே சாப்பிடுங்கள்.

சுரைக்காய்ச் சாற்றில் கூடுதல் கவனம் தேவை. கசக்கும் சுரைக்காயில் குக்கர்பிட்டாசின் என்ற நச்சு இருக்கிறது. அந்தச் சாற்றைக் குடித்து இரத்த வாந்தி எடுத்தவர்கள், உயிரிழந்தவர்கள் இந்தியாவிலேயே உண்டு. இதை ஆராய இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் (ஐசிஎம்ஆர்) அமைத்த குழு, கசந்தால் குடிக்கவே கூடாது என்று சொன்னது. வெட்டியதும் ஒரு சின்னத் துண்டை நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் துப்பிவிட்டு முழுக் காயையும் தூக்கிப் போடுங்கள். சமைத்தாலும் அந்தக் கசப்பு போகாது. மருந்தென்று நினைத்து மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிப்பவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். வெள்ளரிக்கும் இதே விதி.

பாலக்கீரை போன்ற ஆக்சலேட் மிகுந்த கீரையைத் தினமும் பச்சையாக அரைத்துக் குடிப்பதும் வேண்டாம். சிறுநீரகக் கல் வந்தவர்கள் அத்தகைய கீரையை வேகவைத்து, அந்த நீரை மட்டும் கொட்டிவிட்டுச் சாப்பிட வேண்டும்.

யார் மருத்துவரிடம் கேட்டுவிட்டுத் தொடங்க வேண்டும்

சிறுநீரகம் பாதிக்கப்பட்டவர்களுக்கு இந்தக் கட்டுரையின் பல யோசனைகள் பொருந்தாது. அவர்களுக்குப் பொட்டாசியம் குறைய வேண்டும், ஆகவே காயை நிறைய நீரில் வேகவைத்து நீரைக் கொட்டச் சொல்வார்கள். நட்சத்திரப் பழம் அவர்களுக்கு ஆகவே ஆகாது. இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுப்பவர்கள் கீரையின் அளவைத் திடீரென்று கூட்டவோ குறைக்கவோ கூடாது, கீரையின் வைட்டமின் கே மருந்தோடு மோதும். தைராய்டு குறைவு உள்ளவர்கள் கோஸ், காலிஃபிளவர் வகைகளை வேகவைத்துச் சாப்பிடுவது நல்லது. புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர்களுக்குப் பச்சைக் காயே வேண்டாம் என்று சொல்லப்படலாம், அதைக் கேளுங்கள். சின்னப் பிள்ளைகளுக்குப் பச்சைக் கேரட்டைத் துண்டாகக் கொடுத்தால் தொண்டையில் சிக்கும், துருவிக் கொடுங்கள். பல் இல்லாத தாத்தா பாட்டிக்குக் குழைந்த பருப்பும் மசித்த கீரையும் தாம் உணவு. நீங்கள் கிண்ணம் நிறைய வெள்ளரி சாப்பிடுவதால் அவர்களும் சாப்பிட்டாக வேண்டும் என்று இல்லை.

வீட்டில் பேச்சு வரும்போது

இந்த வழியில் கடினமானது வயிறு அல்ல, வீடு. ஒருவர் "சமைத்தது செத்த உணவு" என்பார். இன்னொருவர் "பச்சையாகத் தின்ன நாம் என்ன ஆடா மாடா" என்பார். இரண்டு பேரோடும் நான் இருந்திருக்கிறேன், இரண்டு பக்கமும் நின்று பேசியும் இருக்கிறேன்.

என்சைம் (செரிமானம் போன்ற வேலைகளைத் தூண்டும் புரதம்) பற்றிய வாதம் அடிக்கடி வரும். சமைத்தால் காயின் என்சைம் அழியும் என்பது உண்மை. ஆனால் பச்சையாகச் சாப்பிட்டாலும் அவற்றில் பெரும்பாலானவை இரைப்பையின் அமிலத்தில் சிதைந்துவிடும். நமக்கு வேண்டிய செரிமான என்சைம்களை எச்சில் சுரப்பியும் கணையமும் சிறுகுடலும் தாமே சுரக்கின்றன. மறுபக்கம், பச்சைக் காயில் சத்தே இல்லை என்பதும் தவறு. மெல்ல நேரம் எடுக்கிறது, எண்ணெய் இல்லாமல் வயிற்றை நிறைக்கிறது, வைட்டமின் சி முழுதாக வருகிறது. பால், முட்டை, மீன் எல்லாவற்றையும் விட்டவர்கள் பி12 பற்றிக் கட்டாயம் யோசிக்க வேண்டும். காய் கனிகளில், பச்சையோ சமைத்ததோ, நம்பத்தக்க அளவில் பி12 கிடையாது. மருத்துவரிடம் கேட்டு மாத்திரை எடுத்துக்கொள்வதில் எந்தக் குறையும் இல்லை.

என் அனுபவத்தில் வாதம் செய்து யாரும் மாறியதில்லை. மேஜை நடுவில் கோசம்பரிக் கிண்ணத்தை வைத்துவிட்டுப் பேசாமல் சாப்பிட்டால், மூன்றாம் நாள் எதிரில் இருப்பவர் ஒரு கரண்டி எடுத்துக்கொள்கிறார். விருந்துக்குப் போன இடத்தில் "நான் சமைத்தது சாப்பிடுவதில்லை" என்று சொல்லி, மூன்று மணி நேரம் நின்று சமைத்த பெரியம்மாவின் முகம் வாடியதைப் பார்த்தேன். அந்த முகம் இன்னும் மறக்கவில்லை. உணவில் உபசாரமும் சேர்ந்திருக்கிறது என்பது அன்று புரிந்தது.

வெளியே சாப்பிடும்போது

வீட்டு விதியை வெளியே அப்படியே திருப்பிப் போடுங்கள். வீட்டில் பச்சை, வெளியில் சூடானது. கடையில் காலையிலேயே நறுக்கித் திறந்துவைத்த வெங்காயம், வெள்ளரி, தண்ணீரில் மிதக்கும் சட்னி, சாலையோரத்தில் வெட்டிவைத்த பப்பாளி, தர்பூசணி ஆகியவற்றைத் தவிர்த்துவிடலாம். ஆவி பறக்க வரும் இட்லியும், கண்ணெதிரே கல்லில் வார்க்கும் தோசையும் பாதுகாப்பானவை. பச்சை வேண்டுமென்றால் நாமே தோலுரிக்கும் பழங்களாக வாங்கிக்கொள்ளுங்கள்: வாழைப்பழம், ஆரஞ்சு, சாத்துக்குடி. பேருந்துப் பயணத்துக்குக் கிளம்பும்போது வீட்டில் கழுவித் துடைத்த இரண்டு வெள்ளரிப் பிஞ்சும் ஒரு கொய்யாவும் துணிப்பையில் போட்டுக்கொள்வேன். கூடவே ஒரு டப்பாவில் எலுமிச்சைச் சாதம்.